கோபத்துக்கு எந்தச் சொல் ஜோடி? ஆங்கிலத்தில் உணர்ச்சியைச் சொல்ல: வாசகர் கேள்வி-பதில்

மகிழ்ச்சி, கோபம், வருத்தம் போன்றவற்றை ஆங்கிலத்தில் சொல்லும்போது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஆங்கிலத் தொடர்களை உச்சரிக்கிறபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள். இந்தப் பாடம் கண்ணைவிடக் காதில்தான் சீக்கிரம் பதியும்.

கே: 'வெரி டிஸப்பாயின்டட்' என்று எழுதினாலே புரிகிறது. பிறகு ஏன் 'பிட்டர்லி டிஸப்பாயின்டட்' என்று படிக்கச் சொல்கிறார்கள்? இதற்கெல்லாம் ஏதாவது விதி இருக்கிறதா? (பி.காம். மாணவி, திருநெல்வேலி)

ப: தேர்தலில் தோற்றவரைப் 'படுதோல்வி அடைந்தார்' என்கிறோம். ஜெயித்தவரைப் 'படுவெற்றி பெற்றார்' என்று யாரும் சொல்வதில்லை, அவருக்கு 'அமோக வெற்றி'. 'ஆழ்ந்த இரங்கல்' உண்டு. 'ஆழ்ந்த கோபம்' காதில் ஒட்டாது, 'கடுங்கோபம்' என்றால்தான் சரியாக இருக்கிறது. இதை யாரும் விதியாக எழுதிவைக்கவில்லை, புழங்கிப் புழங்கி ஜோடி சேர்ந்துவிட்டது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'வெரி டிஸப்பாயின்டட்' தவறே இல்லை, தயங்காமல் எழுதுங்கள். ஆனால் 'ஹைலி டிஸப்பாயின்டட்' என்று எழுதும்போதுதான் எழுதியவர் அகராதியைப் பார்த்துக் கோத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

'பிட்டர்லி' என்பது 'மனசு கசந்துபோச்சு' என்கிறோமே, அந்தக் கசப்பு. 'டிஸப்பாயின்டட்', 'ரிக்ரெட்', 'ரிஸென்ட்' (மனக்கசப்பு கொள்வது) ஆகிய சொற்களோடு வரும், குளிரோடும் வரும்: 'பிட்டர்லி கோல்ட்'. மகிழ்ச்சிப் பக்கம் எட்டிப் பார்க்காது.

'டீப்லி' உள்ளே இறங்கித் தங்கிவிடும் உணர்ச்சிகளுக்கு உரியது. 'டீப்லி ஹர்ட்', 'டீப்லி அஷேம்ட்', 'டீப்லி மூவ்ட்', 'டீப்லி க்ரேட்ஃபுல்' எல்லாம் சரி. 'எக்ஸைட்டட்' மேலே பொங்குகிற உணர்ச்சி, அதற்கு 'டீப்லி' பொருந்தாது. 'ரியலி எக்ஸைட்டட்' போதும்.

'ஹைலி' பெரும்பாலும் உணர்ச்சிக்கு வருவதில்லை. 'ஹைலி அம்யூஸ்ட்' போல ஒன்றிரண்டு உண்டு. மற்றபடி அது 'ஹைலி ரெக்கமண்டட்', 'ஹைலி அன்லைக்லி' போன்ற இடங்களுக்கானது. நம் ஊர்க் கடிதங்களில் அதிகம் தென்படும் பிழை 'ஹைலி ஹேப்பி', 'ஹைலி சாட்' இரண்டும்தான்.

அப்படியே மனப்பாடம் செய்ய இன்னும் சில: கூச்சத்துக்குப் 'பெய்ன்ஃபுலி ஷை', எதிர்பாராத நல்லதுக்கு 'ப்ளெஸன்ட்லி சர்ப்ரைஸ்ட்', பொறாமைக்கு 'இன்சேன்லி ஜெலஸ்', விட்டுக்கொடுக்காத பெருமிதத்துக்கு 'ஃபியர்ஸ்லி ப்ரௌட்'. செய்திகளில் வரும் 'விஸிப்லி அப்செட்' பார்ப்பவர் சொல்வது. முகத்தில் தெரியும் அளவுக்கு வருத்தம் என்று பொருள். உங்களைப் பற்றி நீங்களே அப்படிச் சொன்னால் இயல்பாக இருக்காது.

கே: 'வெரி ஃபியூரியஸ்' என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். 'வெரி ஆங்ரி' மட்டும் எப்படிச் சரி? (பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்)

ப: 'ஆங்ரி' கொஞ்சமும் இருக்கலாம், நிறையவும் இருக்கலாம். 'ஃபியூரியஸ்' ஏற்கெனவே உச்சி. உச்சியில் நிற்பதை 'மிகவும்' என்று மேலே தூக்க முடியாது, 'முழுக்க முழுக்க' என்று அழுத்தத்தான் முடியும். அதற்கு 'அப்ஸல்யூட்லி' இருக்கிறது: 'ஷி வாஸ் அப்ஸல்யூட்லி ஃபியூரியஸ்'. எதிர்ப்பக்கம் பார்த்தால் 'அப்ஸல்யூட்லி ஆங்ரி' ஒட்டாது.

சந்தேகம் வந்தால் முன்னால் 'எ பிட்' போட்டுப் பாருங்கள். 'எ பிட் ஆங்ரி', 'எ பிட் டயர்ட்' இயல்பாக வருகின்றன, அதனால் இவற்றுக்கு 'வெரி' போடலாம். 'எ பிட் ஃபியூரியஸ்' இடறுகிறது, 'வெரி'யும் இடறும். ஜோடி ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள்: 'டயர்ட்' உச்சிக்குப் போனால் 'எக்ஸாஸ்டட்', 'ஸ்கேர்ட்' போனால் 'டெரிஃபைட்', 'ப்ளீஸ்ட்' போனால் 'டிலைட்டட்', 'சர்ப்ரைஸ்ட்' போனால் 'அஸ்டானிஷ்ட்'. ஜோடியில் முதலாவதற்கு 'வெரி', இரண்டாவதற்கு 'அப்ஸல்யூட்லி'. 'ரியலி' இரண்டுக்கும் செல்லும், தேர்வு அறையில் குழம்பினால் அதைப் போட்டுவிடலாம்.

'கொய்ட்' என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்குத் தொடாதீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் 'கொய்ட் டயர்ட்' என்றால் ஓரளவு களைப்பு, 'கொய்ட் எக்ஸாஸ்டட்' என்றால் முழுக் களைப்பு. ஒரே சொல் இடத்துக்கு இடம் அளவை மாற்றுகிறது.

கே: 'ஆங்ரி ஆன் மீ' என்று என் மகள் சொல்கிறாள். திருத்தினாலும் மறுநாள் அதேதான் வருகிறது. (இல்லத்தரசி, ஈரோடு)

ப: அவள் தமிழில் யோசிப்பதைச் சரியாகவே மொழிபெயர்க்கிறாள். 'என் மேல கோபம்' என்பதில் உள்ள 'மேல்' ஆங்கிலத்துக்குப் போனதும் 'ஆன்' ஆகிவிடுகிறது. 'ஜெலஸ் ஆன் ஹர்', 'லவ் ஆன் ஹிம்', 'டவுட் ஆன் மீ' எல்லாம் இந்த ஒரே 'மேல்' செய்யும் வேலை. அதனால் 'ஆன் தப்பு' என்று மட்டும் சொன்னால் நிற்காது. அந்த இடத்தில் என்ன வரும் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆள் மீது கோபம் 'ஆங்ரி வித் ஹிம்'. அமெரிக்கர்கள் 'ஆங்ரி அட் ஹிம்' என்பார்கள், இரண்டும் சரி. விஷயத்தின் மீது கோபம் 'ஆங்ரி அபவுட் த டிலே'. பொறாமைக்கு 'ஜெலஸ் ஆஃப்', பிரியத்துக்கு 'ஃபாண்ட் ஆஃப்', சலிப்புக்கு 'ஃபெட் அப் வித்'. பெருமைக்கு 'ப்ரௌட் ஆஃப்', ஆனால் அதையே பெயர்ச்சொல்லாக்கினால் 'டேக் ப்ரைட் இன்' என்று மாறிவிடும். நிஜமாகவே 'ஆன்' வருகிற ஒன்று உண்டு: ஆர்வத்துக்குக் 'கீன் ஆன்'. அதையும் சொல்லிக் கொடுங்கள், அந்த 'ஆன்' போய் உட்கார ஓர் இடம் கிடைத்துவிடும்.

சின்னச் சொல்தான் என்று விட முடியாத இரண்டு இடங்கள் உண்டு. 'ஷி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஹர் சன்' என்றால் மகனைக் கண்டாலே அவளுக்குப் பயம். 'அஃப்ரெய்ட் ஃபார் ஹர் சன்' என்றால் மகனுக்கு என்ன ஆகுமோ என்று பயம். அதேபோல 'ஐ ஆம் டிஸப்பாயின்டட் வித் த சர்வீஸ்' சாதாரணப் புகார். 'ஐ ஆம் டிஸப்பாயின்டட் இன் யூ' என்பது 'உன்னைப் போய் இப்படி நினைக்கவில்லையே' என்று ஆளின் குணத்தையே எடைபோடும் வாக்கியம். கோபத்தில்கூட யோசித்துச் சொல்ல வேண்டிய ஒன்று.

கே: 'ஃபீல் பண்ணாதே', 'மூட் அவுட்', 'ஒரே டென்ஷன்', 'போர் அடிக்குது'. தினமும் பேசும் இந்த ஆங்கிலம் வெளியூரில் ஏன் எடுபடவில்லை? (ஹோட்டல் வரவேற்பாளர், மதுரை)

ப: இவை ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழாகிவிட்ட சொற்கள். தமிழுக்குள் முறையாக வேலை செய்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்ப ஆங்கிலத்துக்கு அனுப்பும்போதுதான் சிக்கல்.

தமிழில் 'ஃபீல் பண்றான்' என்றாலே வருத்தப்படுகிறான் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'ஃபீல்' வெறும் பாத்திரம்தான், உள்ளே எந்த உணர்ச்சி என்று சொல்லியாக வேண்டும். 'ஹி இஸ் ஃபீலிங்' என்று நிறுத்தினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார். 'ஹி இஸ் ஃபீலிங் லோ' அல்லது 'ஃபீலிங் டவுன்' என்று முடியுங்கள். 'டோன்ட் ஃபீல்' என்பதற்குப் பதில் 'டோன்ட் பி அப்செட்'.

'மூட் அவுட்' ஆங்கிலத்தில் இல்லை. நாம் அதை இரண்டு நிலைக்குச் சொல்கிறோம். சிடுசிடுப்பாக இருந்தால் 'இன் எ பேட் மூட்', சோர்ந்திருந்தால் 'ஃபீலிங் லோ'. வெறுமனே 'ஹி இஸ் இன் எ மூட்' என்றாலே முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார் என்று பொருள்.

'டென்ஷன்' ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டு பேருக்கோ இரண்டு நாடுகளுக்கோ நடுவில் இருப்பது, அல்லது கயிற்றில் இருப்பது. ஆளுக்கு என்றால் 'ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ட்', 'ஐ ஆம் ரியலி வொரீட் அபவுட் த ரிசல்ட்'. 'டோன்ட் டேக் டென்ஷன்' என்பதற்கு 'டோன்ட் வொரி' போதும்.

அடுத்ததுதான் ஆபத்தானது. 'எனக்கு போரிங்கா இருக்கு' என்பதை 'ஐ ஆம் போரிங்' என்று சொன்னால், 'நான் அறுவை ஆள்' என்று ஆகிவிடும். உணர்ச்சியைத் தருவது 'இங்', உணர்ச்சியை அடைவது 'ட்'. படம் 'போரிங்', நான் 'போர்ட்'. செய்தி 'ஷாக்கிங்', நாங்கள் 'ஷாக்ட்'. அவர் பேச்சு 'இரிட்டேட்டிங்', கேட்டவர் 'இரிட்டேட்டட்'. கடைசியில் வரும் 'ட்' ஒலியை விழுங்காமல் சொல்லிப் பழகுங்கள். சரியாகத் தெரிந்தவர்களுக்கும் உச்சரிப்பில் இது கரைந்துபோய்விடும்.

கே: வெளிநாட்டு மேலாளரின் தந்தை இறந்துவிட்டார். 'ஆழ்ந்த இரங்கல்' என்பதை எப்படி எழுதுவது? (மென்பொருள் ஊழியர், சென்னை)

ப: மூன்று வரி போதும், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் வரி: 'ஐ வாஸ் வெரி சாரி டு ஹியர் அபவுட் யுவர் ஃபாதர்.' இரண்டாவது: 'ப்ளீஸ் அக்செப்ட் மை டீப்பஸ்ட் கண்டோலன்ஸஸ்.' மூன்றாவது அவருக்கு ஒரு பாரத்தைக் குறைப்பதாக இருக்கட்டும்: இந்த வாரத்து அறிக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன், பதில் எழுத வேண்டாம் என்பது போல. 'ப்ளீஸ் டோன்ட் ஃபீல் யூ நீட் டு ரிப்ளை' என்ற வரி துக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய உதவி.

இங்கே சறுக்கும் இடங்கள் நான்கு. இரங்கலில் 'கண்டோலன்ஸஸ்' எப்போதும் பன்மை. 'ஹார்ட்டி கண்டோலன்ஸஸ்' என்று எழுதிவிடாதீர்கள். 'ஹார்ட்டி' உற்சாகமான சொல், விருந்துக்கும் வாழ்த்துக்கும் உரியது. இரங்கலுக்கு 'ஹார்ட்ஃபெல்ட்'. இறப்பைக் குறிக்க இந்தியாவில் சாதாரணமாகச் சொல்லும் 'எக்ஸ்பயர்ட்' வெளிநாட்டுக் காதுக்குப் பால் பாக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காலாவதியானது போலக் கேட்கும். 'பாஸ்ட் அவே' என்று எழுதுங்கள். குடும்பத்தாருக்கு நேரடியாக 'ஆர்.ஐ.பி.' என்று மூன்றெழுத்து அனுப்புவது அவசரமாகக் கைகழுவியது போலத் தெரியும்.

கே: சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். 'தேம்பித் தேம்பி', 'விம்மி', 'கண்கள் குளமாயின' எல்லாவற்றுக்கும் 'க்ரை' என்று எழுதி அலுத்துவிட்டது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

ப: அழுகை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஜோடி தானாகக் கிடைக்கும்.

இன்னும் விழாத கண்ணீர்: 'ஹர் ஐஸ் ஃபில்ட் வித் டியர்ஸ்'. கண்கள் குளமானதற்கு இதுவே போதும். மெல்ல ஊறி வந்தால் 'டியர்ஸ் வெல்ட் அப் இன் ஹர் ஐஸ்'. அடக்கப் பார்க்கிறாள் என்றால் 'ஷி ஃபாட் பேக் டியர்ஸ்'. தொண்டையில் அடைத்து விழுங்கினால் 'சோக்ட் பேக்'. அடக்க முடியாமல் உடைந்தால் 'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்'. இங்கே கவனம்: 'பர்ஸ்ட் இன்டு' வந்தால் பின்னால் பெயர்ச்சொல் 'டியர்ஸ்'. 'பர்ஸ்ட் அவுட்' வந்தால் பின்னால் 'க்ரையிங்'. இரண்டையும் கலந்து 'பர்ஸ்ட் இன்டு க்ரையிங்' என்று எழுதிய மொழிபெயர்ப்புகள் நிறைய. சிரிப்புக்கும் இதே முறை: 'பர்ஸ்ட் அவுட் லாஃபிங்', 'பர்ஸ்ட் இன்டு லாஃப்டர்'.

தேம்புவதும் விம்முவதும் மூச்சு இடறி வரும் அழுகை. அதற்கு 'ஸாப்'. 'ஷி வாஸ் ஸாபிங் அன்கன்ட்ரோலபிளி' என்றால் தேம்பித் தேம்பி. 'வீப்' சத்தம் குறைந்தது, எழுத்துநடைச் சொல். ஒப்பாரிக்கு நெருக்கமானது 'வெய்ல்', அதை இழவு வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் சிணுங்கலுக்கு 'விம்ப்பர்'. தமிழின் 'விம்மு'வும் ஆங்கில 'விம்ப்பர்'ரும் ஒலியில் பக்கம் பக்கமாக இருப்பதால் மாற்றிப் போடத் தோன்றும். 'விம்ப்பர்' பலவீனமான முனகல், விம்மலின் கனம் அதில் இல்லை.

தமிழின் அடுக்குத்தொடர்த் தாளம் ஆங்கிலத்தில் வராது என்பது உண்மைதான். 'ஸாப்ட் அண்ட் ஸாப்ட்' என்று ஒருமுறை எழுதலாம், கதை முழுக்க எழுதினால் தள்ளாடும். அதைவிட வினைச்சொல்லைச் சரியாகத் தேர்ந்துவிட்டுத் தோள் குலுங்குவதை அடுத்த வாக்கியத்தில் காட்டுவது மேல்.

இன்னொன்று: 'போர்ட் டு டியர்ஸ்' என்ற தொடரில் கண்ணீர் கிடையாது, தாங்க முடியாத அலுப்பு மட்டும்தான். 'மூவ்ட் டு டியர்ஸ்' தான் நெகிழ்ந்து கண்கலங்குவது.

கே: 'வயிறு எரியுது', 'வயித்துல புளியைக் கரைக்குது', 'உச்சி குளிர்ந்துபோச்சு'. இவற்றை ஆங்கிலத்தில் எப்படி? (கல்லூரி மாணவர், கோவை)

ப: நமக்குப் பாதி உணர்ச்சி வயிற்றில் இருக்கிறது. 'மை ஸ்டமக் இஸ் பர்னிங்' என்றால் நெஞ்செரிச்சல் மாத்திரை தருவார்கள். பொறாமை என்றால் 'க்ரீன் வித் என்வி'. அநியாயத்தைப் பார்த்து வயிறு எரிந்தால் 'இட் மேக்ஸ் மீ சிக்' கொஞ்சம் நெருங்கி வரும்.

புளி கரைவதற்கு 'மை ஸ்டமக் வாஸ் இன் நாட்ஸ்' நன்றாகப் பொருந்தும். பலர் 'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்' எழுதுகிறார்கள். அது மேடை ஏறுமுன் வரும் படபடப்பு, கொஞ்சம் ஆசையும் கலந்தது. போலீஸ் வாசலில் வந்து நின்றால் பட்டாம்பூச்சி பறக்காது. உச்சி குளிர்வதற்கு நேர் ஜோடி இல்லை. பாராட்டில் குளிர்ந்தால் 'ஐ வாஸ் ரியலி ஃப்ளாட்டர்ட்'. மனம் உடைவது 'ஹார்ட்ப்ரோக்கன்', தொண்டை அடைப்பது 'எ லம்ப் இன் மை த்ரோட்'. இந்த இரண்டிலும் இரு மொழியும் ஒரே இடத்தைத் தொடுகின்றன.

கே: அலுவலக மின்னஞ்சலில் அதிருப்தியை எந்த அளவுக்குச் சொல்லலாம்? (ஏற்றுமதி நிறுவன அலுவலர், திருப்பூர்)

ப: 'வொரீட்' உங்கள் மனநிலை, 'கன்சர்ன்ட்' உங்கள் பொறுப்பு. அலுவலகத்துக்கு இரண்டாவது. சரக்கு இரண்டு நாள் தாமதம் என்றால் 'அ லிட்டில் கன்சர்ன்ட் அபவுட் த டிலே' போதும். 'டீப்லி கன்சர்ன்ட்' ஒப்பந்தமே ஆட்டம் காணும் கட்டத்துக்கு. எடுத்த எடுப்பில் அதை எழுதிவிட்டால் பிறகு ஏற இடம் இருக்காது.

பிரிட்டிஷ்காரர் 'அ லிட்டில் டிஸப்பாயின்டட்' என்று எழுதினால் அந்த 'லிட்டில்'லை நம்பாதீர்கள். பெரும்பாலும் அவர் நன்றாகவே கோபமாக இருக்கிறார். அன்றைக்கே பதில் போடுங்கள்.

கே: ஐஇஎல்டிஎஸ் (வெளிநாடு செல்வோர் எழுதும் ஆங்கிலத் தேர்வு) பேச்சுத் தேர்வுக்கு எத்தனை தொடர்கள் படிக்க வேண்டும்? (செவிலியர், நாகர்கோவில்)

ப: எட்டு. அந்த எட்டும் உங்கள் வாயில் புரள வேண்டும்.

பேச்சுத் தேர்வில் நான்கு அளவுகோல்கள்: சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. சொல்வளத்துக்கான 7ஆம் பேண்ட் (மதிப்பெண் நிலை) விளக்கத்திலேயே சொற்சேர்க்கை பற்றிய கவனம் இடம்பெறுகிறது. அதே விளக்கம் சில பொருத்தமற்ற தேர்வுகளையும் அனுமதிக்கிறது. அதனால் ஒரு தொடர் தவறினால் பதறாதீர்கள், பேச்சை நிறுத்துவதுதான் அதைவிட நஷ்டம்.

இரண்டாம் பகுதியில் 1 நிமிடம் தயாரிப்பு, பிறகு 2 நிமிடம்வரை பேச்சு. மகிழ்ந்த நாள், கோபம் வந்த சம்பவம், பெருமைப்பட்ட தருணம் என்று உணர்ச்சி எங்காவது வரும். தயாரிப்பு நிமிடத்தில் ஓர் உணர்ச்சி, அதன் காரணம், உடலில் நடந்தது என்று மூன்று குறிப்பு எழுதுங்கள். பேசும்போது அந்த வரிசையில் வரட்டும்: 'ஐ வாஸ் அப்ஸல்யூட்லி டெரிஃபைட் பிகாஸ் இட் வாஸ் மை ஃபர்ஸ்ட் நைட் டியூட்டி. மை ஹார்ட் வாஸ் பவுண்டிங். வென் த பேஷன்ட் ஓப்பன்ட் ஹிஸ் ஐஸ், ஐ ஃபெல்ட் எ ஹியூஜ் சென்ஸ் ஆஃப் ரிலீஃப்.' மூன்றே வாக்கியம், மூன்று ஜோடி, எதுவும் திணித்ததாகத் தெரியவில்லை.

பெருமகிழ்ச்சியைச் சொல்லும் 'ஓவர் த மூன்' என்பதை விட்டுவிடலாம். தவறு கிடையாது, பயிற்சி மையங்கள் எல்லாமே அதைத்தான் கொடுக்கின்றன. அதற்குப் பதில் அளவைச் சொல்லும் தொடர்கள் பயன்படும். சுருக்கென்று குத்தினால் 'எ பேங் ஆஃப் கில்ட்'. அலைபோல வந்தால் 'எ வேவ் ஆஃப் சாட்னஸ்'. தன்னை மறந்த ஆத்திரம் 'எ ஃபிட் ஆஃப் ரேஜ்'. மங்கலான நம்பிக்கை 'எ க்ளிம்மர் ஆஃப் ஹோப்'. இவற்றை இடம் மாற்றாதீர்கள்: 'பேங்' குற்ற உணர்ச்சி, பொறாமை, பசி ஆகியவற்றுக்கு வரும், மகிழ்ச்சிக்கு வராது.

கே: ஒரு ஜோடி சரியா தவறா என்று நாங்களே எப்படிச் சோதிப்பது? (நூலகர், தஞ்சாவூர்)

ப: பொது அகராதியில் தேடினால் பொருள்தான் கிடைக்கும், ஜோடி கிடைக்காது. சொற்சேர்க்கைக்கென்றே அகராதிகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் சொற்சேர்க்கை அகராதி 2002இல் முதலில் வந்தது, உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் வாங்கி வையுங்கள். அதில் 'பிட்டர்லி'யைத் தேடி ஏமாறுகிறவர்கள் அதிகம். எப்போதும் உணர்ச்சிச் சொல்லைத் தேடுங்கள்: 'டிஸப்பாயின்டட்' கீழே அதற்கு முன்னால் வரும் சொற்கள், 'ஆங்கர்' கீழே அதனோடு வரும் வினைகள், பின்னால் வரும் முன்னிடைச் சொல் ('வித்', 'ஆஃப்' போன்றவை) எல்லாம் அடுக்கியிருக்கும்.

இணையத்தில் 'ஸ்கெல்' (SkELL) என்ற இலவசத் தளம் இருக்கிறது. உணர்ச்சிச் சொல்லைத் தட்டி 'வேர்ட் ஸ்கெட்ச்' பொத்தானை அழுத்தினால் ஜோடிச் சொற்கள் பட்டியலாக வரும். ஒரு ஜோடியை அழுத்தினால் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வரும். பட்டியலோடு நிற்காமல் அந்த வாக்கியங்களில் ஐந்தாறைப் படியுங்கள். ஜோடி சரியாக இருந்தும் இடம் தவறிப்போவது அப்போதுதான் தெரியும்: 'ப்ளிஸ்ஃபுலி ஹேப்பி' தம்பதிகளைப் பற்றி வரும், காலாண்டு விற்பனையைப் பற்றி வராது.

நோட்டில் எழுதும்போது தனிச்சொல்லை எழுதாதீர்கள். முழு ஜோடி, அதன் முன்னிடைச் சொல், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் என்று மூன்று கட்டம் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று. ஏழாவது நாள் முதல் கட்டத்தை மறைத்துவிட்டு மூன்றாவதிலிருந்து சொல்லிப் பாருங்கள். வராதது எதுவோ அது அடுத்த வாரத்துக்கும் போகட்டும்.